மூச்சு சென்சார்ல ஊதப் போறீங்களா, அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

நுரையீரல் கேன்சரை ஆரம்பத்துலயே பிடிக்க கையடக்க மூச்சு சென்சார் ஆராய்ச்சி பல இடத்துல ஓடிட்டிருக்கு, சாம்பிள் குடுக்க வாங்கன்னு உங்களையோ வீட்ல யாரையோ கூப்பிட்டிருந்தா இதைப் படிச்சுட்டுப் போங்க. மெஷின் பாக்க குடிச்சிருக்காங்களான்னு போலீஸ் ஊதச் சொல்ற கருவி மாதிரியேதான் இருக்கும், ஆனா அந்த மாதிரி ஊதினா இங்க சாம்பிள் வேஸ்ட்.

ஏன்னா சென்சார் தேடுற சமாச்சாரம் அவ்ளோ கம்மி. மூச்சுல முக்கால்வாசி நைட்ரஜன், மிச்சம் ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்ஸைடு, நீராவி, இதுக்கு நடுவுல நூறு கோடியில ஒரு பங்கு ரெண்டு பங்குன்னு ஒளிஞ்சிருக்குற ஆவியாகுற கரிமப் பொருட்கள், சுருக்கமா விஓசி, அதைத்தான் பிடிக்கணும். 1971லயே லைனஸ் பாலிங்னு ஒரு வேதியியல் விஞ்ஞானியோட குழு மூச்சுல 250 பொருள் பக்கம் இருக்குன்னு காட்டிட்டாங்க. உடம்புல செல் சவ்வுக் கொழுப்பு சிதையும்போது ஆல்கேன், ஆல்டிஹைடுன்னு ஏதேதோ கிளம்பும், கட்டி இருந்தா அந்தக் கலவை லேசா மாறும். கேன்சருக்குன்னு தனியா ஒரே ஒரு வாசனை கிடையாதுங்க. 1999ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல மைக்கேல் பிலிப்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு போட்ட கட்டுரையிலயே 22 விஓசி சேர்ந்த பேட்டர்னைத்தான் சொன்னாங்க. வாசல்ல நிக்கும்போதே உள்ள என்னமோ தீஞ்சுடுச்சுன்னு மூக்கு சொல்லுதுல்ல, கெமிக்கல் லிஸ்ட் எதுவும் அதுக்குத் தெரியாது, அப்படித்தான் இதுவும்: தங்க நானோ துகள், சூடாக்கின மெட்டல் ஆக்ஸைடுன்னு பல சென்சார் வரிசையா இருக்கும், மூச்சு பட்டதும் ஒவ்வொண்ணோட சிக்னலும் ஒவ்வொரு மாதிரி மாறும், சாஃப்ட்வேர் மொத்தமா பாத்து முடிவு சொல்லும்.

அதனாலதான் சாப்பாடு, சிகரெட், சரக்கு, மவுத்வாஷ், சூயிங்கம், சென்ட் எல்லாத்தையும் எத்தனை மணி நேரம் முன்னாடி நிறுத்தணும்னு அவங்க குடுக்குற பேப்பர்ல இருக்கும், அதை அப்படியே ஃபாலோ பண்ணுங்க. இன்னும் நல்லதுன்னு நாமளா கூடுதலா பட்டினி கிடக்கக்கூடாது, வயிறு காஞ்சா மூச்சுல அசிட்டோன்ங்கிற விஓசி ஏறிடும், சுகர் இருக்குறவங்க முன்னாடியே சொல்லிடுங்க. படியேறி வந்த கையோட ஊதாதீங்க, தசை வேலை செஞ்சா ஐசோபிரீன்னு இன்னொரு விஓசி கூடும், பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க. அப்புறம் சானிடைசர்! ஒருத்தர் ரொம்பப் பொறுப்பா கையை நல்லா தேச்சுட்டு அதே ஈரக் கையால மவுத்பீஸைப் பிடிச்சார், ஸ்கிரீன்ல கோடு செங்குத்தா ஏறி அங்கயே நின்னுடுச்சு, அது இறங்குறதுக்கே நாங்க எல்லாரும் உக்காந்து காத்திருந்தோம். ரூம் காத்தையும் தனியா ஒரு சாம்பிள் எடுப்பீங்களான்னு கேளுங்க, தரை துடைச்ச லிக்விட் வாசனையும் நீங்க இழுக்குற காத்துலதானே வருது.

ஊதுறதுல ஒரே சூட்சுமம்தான். முதல்ல வெளிய வர்ற காத்து வாய், தொண்டை, மூச்சுக்குழாய்ல சும்மா நின்னது, பெரியவங்களுக்கு சுமாரா 150 மில்லி, அதுல உருப்படியா ஒண்ணும் இருக்காது. ரத்தத்தை உரசிட்டு வர்ற ஆழமான காத்து கடைசியிலதான் வரும். அதனால உதட்டை இறுக்கி வெச்சுக்கிட்டு, பலூன் ஊதுற மாதிரி புஸ்ஸுன்னு தள்ளாம, ஒரே சீரா மெதுவா, போதும்னு சொல்ற வரைக்கும் விடுங்க. நடுவுல இருமல் வந்தா வெட்கப்படாம நிறுத்திட்டு திரும்ப ஆரம்பிங்க.

இப்போ ரிசல்ட், இங்கதான் நிறைய பேர் பயந்து போறாங்க. 1000 பேர்ல 10 பேருக்கு கேன்சர் இருக்குன்னு வெச்சுக்குவோம், மெஷின் ரெண்டு பக்கமும் 90 சதவீதம் சரின்னும் வெச்சுக்குவோம். அந்த 10ல 9 பேரைப் பிடிக்கும், கேன்சர் இல்லாத 990 பேர்ல 99 பேருக்கும் பாசிட்டிவ்னு காட்டும். மொத்தம் 108 பாசிட்டிவ், நிஜம் 9தான். ஆக பாசிட்டிவ்னா அடுத்து சிடி ஸ்கேன் பாக்கணும்னு மட்டும்தான் அர்த்தம், கேன்சரான்னு உறுதியா சொல்றது பயாப்ஸிதான், அதாவது கொஞ்சூண்டு சதை எடுத்துப் பாக்குற டெஸ்ட். நெகட்டிவ்னு வந்துச்சேன்னு சிடியை கேன்சல் பண்றது பாசிட்டிவ் பாத்து பயப்படுறதைவிட மோசம். லோ டோஸ் சிடியால, அதாவது கதிர்வீச்சு கம்மியா வெச்சு எடுக்குற சிடியால, நுரையீரல் கேன்சர் சாவு எக்ஸ்ரேயோட ஒப்பிட்டா 20 சதவீதம் குறைஞ்சதுன்னு 2011லயே பெரிய ட்ரையல்ல வந்தாச்சு, மூச்சு சென்சார் இன்னும் அந்த இடத்துக்கு வரல.

ஆன்லைன்ல விக்கிற விஓசி மீட்டர் வாங்கி வீட்லயே ஊதிப் பாக்கலாமான்னு கேக்காதீங்க, அது எல்லா வாசனையையும் கூட்டி ஒரே நம்பரா காட்டும், எது எவ்ளோன்னு பிரிக்கத் தெரியாது.

ஏற்கனவே சளியில ரத்தம், வாரக்கணக்கா நிக்காத இருமல், காரணமே இல்லாம எடை குறையறதுன்னு ஏதாவது இருந்தா சாம்பிள் குடுக்குற தேதிக்காக உக்காந்திருக்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க, ஊதுறதை அப்புறம் பாத்துக்கலாம்.