சர்க்கஸ் யானைகளின் சுவரொட்டியும் இசையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க சர்க்கஸ்களின் யானைக் காட்சிகளைப் பற்றி எழுத முனைவோர், பழைய சுவரொட்டியை நேரில் கண்ட சாட்சியாகவே எடுத்துக்கொள்வது பரவலான தவறு. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பி. டி. பர்னம் 1882இல் 10,000 டாலருக்கு வாங்கிய ஜம்போ என்ற யானையின் உயரம் 13 அடி என்று விளம்பரங்கள் முழங்கின. அது 11 அடியை எட்டவில்லை என்பதே பிற்காலக் கணிப்பு. ஓவியர்கள் யானையைப் பெரிதாக்கியதோடு அருகில் நிற்கும் மனிதர்களைச் சிறிதாக்கவும் செய்தார்கள் என்பதால், படத்திலுள்ள ஆட்களை அளவுகோலாகக் கொண்டு கணக்கிடுவதும் வீண் வேலைதான்.

நிறத்தையும் நம்புவதற்கில்லை. பர்னம் 1884இல் பர்மாவிலிருந்து வரவழைத்துக் காட்டிய ‘வெள்ளை யானை’ அங்கங்கே வெளிறியிருந்ததே தவிர வெள்ளையாக இல்லை. அவருடைய போட்டியாளரான ஆடம் ஃபோர்பா, சாதாரண யானை ஒன்றுக்கு வெள்ளைச் சாயம் பூசியே காட்சிக்கு நிறுத்தினார். படத்துக்கு ஏற்ப யானையைத் திருத்திய துணிச்சலை என்னவென்று சொல்வது!

சுவரொட்டியின் காலத்தைக் கணிக்கும்போது நிறுவனப் பெயரைக் கவனிக்காமல் விடக் கூடாது. தனி சர்க்கஸ் நடத்திவந்த ரிங்ளிங் சகோதரர்கள், பர்னம் அண்ட் பெய்லி சர்க்கஸை 1907இல் வாங்கினாலும் இரண்டையும் ஒன்றாக இணைத்து நடத்தியது 1919 முதல்தான். எனவே இணைந்த பெயர் தாங்கிய சுவரொட்டி அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஊரும் தேதியும் பெரும்பாலும் தனித் துண்டுத்தாளில் அச்சிட்டு ஒட்டப்பட்டவை. அத்துண்டு கிழிந்துபோயிருந்தால் ஆண்டை ஊகித்து எழுதிவிடுவது ஆபத்து.

இசையில் நேரும் தவறு இதைவிட ஆழமானது. யானைகள் தாளம் கேட்டு ஆடின என்று எழுதுகிறார்கள். உண்மையில் பாகனின் குரலுக்கும் அங்குசத்தின் தொடுகைக்கும் கட்டுப்பட்டே அவை அசைந்தன. அவற்றின் நடையைப் பார்த்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், தேவைப்பட்டால் பாட்டையே சட்டென்று மாற்றியும் வாசித்தது வாத்தியக் குழுதான். ரிங்ளிங் சர்க்கஸின் வாத்தியக் குழுவை 1919 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடத்திய மெர்ல் எவன்ஸின் திறமைக்குச் சான்று, யானையின் காலோடு இசையை இசைய வைத்ததே. சங்கிலியில் கட்டுண்ட யானை ஓயாமல் பக்கவாட்டில் ஆடுவதை நடனம் என்று வருணிப்பது இன்னும் மோசம். அது அடைபட்ட விலங்கின் மன அழுத்தத்தைக் காட்டும் செய்கை.

இசையமைப்பாளர் ஸ்டிராவின்ஸ்கி யானைகளின் நடனத்துக்காக எழுதிய ‘சர்க்கஸ் போல்கா’ என்ற இசையைக் குறிப்பிடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். பாலன்சினின் நடன அமைப்பில் 50 யானைகளும் 50 நடன மங்கையரும் பங்கேற்ற அக்காட்சி, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 1942 ஏப்ரல் 9 அன்று அரங்கேறியது. அங்கே ஒலித்தது, சர்க்கஸ் வாத்தியக் குழுவுக்காக டேவிட் ராக்சின் அமைத்துத் தந்த வடிவம். இன்று கச்சேரி அரங்குகளில் பெரும்பாலும் கேட்கப்படுவது, முழு இசைக்குழுவுக்காக ஸ்டிராவின்ஸ்கியே பின்னர் எழுதியது. ஆகையால் ஒலிப்பதிவு எதையும் ‘யானைகள் கேட்ட இசை’ என்று அறிமுகப்படுத்தும் முன், அது எந்த வடிவம் என்பதை அதன் உறையில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.