பழக்கத்தை மாட்ட ஒரு ஆணி வேண்டும்

ஜனவரி முதல் வாரம் விடிகாலை 5.30 மணிக்கு எங்கள் மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். புது ஷூ, புது டிராக் பேண்ட், காதில் இயர்போன் என்று கூட்டம் நெரியும். தைத் தெப்பம் வருவதற்குள் அதில் பாதிப் பேரைக் காணாது. அப்படிக் காணாமல் போனவர்களில் நானும் ஒருவன், தொடர்ந்து நான்கு வருடம். ஐந்தாவது வருடம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, 6.2 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தின படி, 6.5 ஆகிவிட்டால் நோய் வந்துவிட்டது என்று கணக்கு. அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் நடந்ததில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன்.

முதலில் ஒன்று. நாம் விட்டுவிடுவதற்குக் காரணம் சோம்பல் என்று வீட்டிலும் சொல்வார்கள், நாமும் நம்பிவிடுவோம். எனக்கு அது காரணமாகத் தெரியவில்லை. சட்டையைக் கழற்றி மாட்ட ஆணி இல்லையென்றால் அது நாற்காலியில் கிடக்கும், அப்புறம் தரையில் கிடக்கும். புதுப் பழக்கமும் அப்படித்தான். நம் நாளில் ஏற்கனவே அடித்து இறுகியிருக்கிற ஆணி ஒன்று இருக்கும், மழை பெய்தாலும் வீட்டில் விருந்தாள் வந்தாலும் நிற்காமல் நடக்கிற ஒரு வேலை. அதில் கொண்டுபோய் மாட்டினால்தான் பழக்கம் நிற்கும்.

மேலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் அத்தையை வைத்துத்தான் இது எனக்குப் புரிந்தது. அத்தைக்கு ரத்தக்கொதிப்பு, தினமும் காலையில் ஒரு மாத்திரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள், ஆனால் அத்தை அதை வாரத்தில் மூன்று நாள் போட்டால் அதிகம். "மறந்துபோகுதுப்பா, வேலை கெடக்குல்ல" என்பார். போனில் அலாரம் வைத்துக் கொடுத்தோம். அலாரம் அடிக்கும்போது அத்தை தொழுவத்தில் இருப்பார், போன் வீட்டுக்குள் கத்திக்கொண்டு கிடக்கும். ஆனால் அத்தை ஒரு நாளும் மறக்காத வேலை ஒன்று உண்டு. காலையில் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவது. பால் அட்டை இல்லாமல் போக மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அந்த பால் அட்டையோடு மாத்திரை அட்டையையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, இரண்டையும் ஒரே மஞ்சப்பையில் போட்டுத் தூக்குவாளிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்குத் திரும்பியதும் பால் அட்டையை எடுத்து வைக்கும்போது மாத்திரையும் கையோடு வருகிறது, திண்ணையிலேயே சொம்புத் தண்ணீரோடு போட்டுவிடுகிறார். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அட்டையில் காலியான குழிகளை எண்ணிப் பார்த்தேன், இரண்டு மூன்று நாள்தான் தவறியிருந்தது.

இதை ஆராய்ச்சிக்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியர் 1999-இல் எழுதிய கட்டுரையில், "நான் உடற்பயிற்சி செய்வேன்" என்று பொதுவாக முடிவெடுப்பதைவிட "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று இடத்தையும் நேரத்தையும் சேர்த்து முடிவெடுப்பது கூடுதலாகப் பலிக்கிறது என்று விளக்கியிருக்கிறார். மணியை மட்டும் நம்பாதீர்கள். கடை வேலையோ ஷிப்ட் வேலையோ பார்க்கிறவர்களுக்கு மணி ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது.

சரி, உங்கள் ஆணியை எப்படிக் கண்டுபிடிப்பது? நேற்றைக்கு எழுந்ததிலிருந்து படுத்தது வரை செய்ததை ஒரு தாளில் எழுதுங்கள். பல் தேய்த்தது, பால் பாக்கெட் எடுத்தது, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றியது, ஷட்டரை இறக்கியது, கோலம் போட்டது, எதையும் விடாதீர்கள். அதில் காய்ச்சல் வந்தால்கூட நிற்காத வேலைகளுக்கு மட்டும் கோடு போடுங்கள். நான்கைந்துதான் தேறும். அவைதான் ஆணிகள்.

எனக்குத் தேறியது கடை சாத்துவது. இரவு ஒன்பதேகாலுக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டுவோம். முன்பெல்லாம் அதற்கு மேல்தான் சாப்பாடு, பாதி நாள் பத்தரை மணிக்கு ரோட்டோரம் பரோட்டா. இப்போது எட்டு மணிக்கே கடைக்குள் டிபன்பாக்ஸைப் பிரித்துச் சாப்பிட்டுவிடுகிறேன். பூட்டைப் போட்டதும் வண்டியை எடுக்காமல் சித்திரை வீதிக்கு நடந்துவிடுகிறேன். வண்டி வராத வீதி, கல் பாவிய தரை, கோயில் மதிலை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முதல் மாதம் அந்த ஒரே சுற்றுதான், ஆசையாக இருந்தாலும் இரண்டாவது சுற்றுப் போகவில்லை. இது முக்கியம். முதல் நாளே ஐந்து சுற்றுப் போனவன் மூன்றாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இப்போது மூன்று சுற்று போகிறேன். வயதுவந்தவர்கள் வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுக் கொடுக்கிற பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 வந்துவிடும். சாப்பிட்டபின் நடப்பதில் இன்னொரு லாபம், தசைகள் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எடுத்துச் செலவழிப்பதால் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் குறைகிறது. ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பையில் ஒரு மிட்டாயோ குளுக்கோஸோ வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆபத்து. மருந்தை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

என் மனைவிக்கு என் ஆணி ஒத்துவரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அவளுக்கு அடுப்படி வேலையே முடிந்திருக்காது. விடிகாலையில் அதைவிட நெருக்கடி. நடைப்பயிற்சிக்கு வராத பெண்களைக் குறை சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அவளுக்குக் கிடைத்தது காலை எட்டேகால், பையனை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்புகிற அந்த நிமிடம். வீட்டுக்குள் காலை வைத்தால் வேலை இழுத்துக்கொள்ளும் என்பதால் அப்படியே தெருமுனையிலிருந்து பக்கத்து வீட்டு அக்காவோடு தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் படியேறுகிறாள். பாத்திரம் காத்திருக்கட்டும்.

எத்தனை நாளில் ஒட்டும்?

21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். நம் ஊரில் ஒரு மண்டலம், 48 நாள் என்பார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்ததில் ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. தண்ணீர் குடிப்பது மாதிரியான வேலைகள் சீக்கிரம் பழகின, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. 22-ஆம் நாள் காலையில் இன்னும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் கோளாறு இல்லை, நாள் இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழகுவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

ஒரு நாள் விட்டால் போகட்டும், பத்து நாள் விட்டால்? எனக்கு அதுவும் நடந்தது. மாமா தவறிப்போய் ஊரிலேயே பத்து நாள் இருந்தேன். திரும்பி வந்ததும் மறுபடி மூன்று சுற்றிலிருந்து தொடங்க மனம் வரவில்லை, தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் ஒரே ஒரு சுற்று என்று முதல் மாதக் கணக்குக்கே போய்விட்டேன். இரண்டு வாரத்தில் பழைய அளவு வந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு பஞ்ச காலக் கணக்கை முன்பே முடிவு செய்துவையுங்கள். ஐப்பசி மழையா, வாசலுக்கும் அடுப்படிக்கும் அங்கிட்டும் இங்கிட்டுமாக ஐந்து நிமிடம். சித்திரைத் திருவிழாவா, அந்த நாட்களில் ஊரே நடந்துதான் ஆகவேண்டும், தனியாக நடக்கத் தேவையில்லை.

வாயைக் கட்டுவதைவிட வழியை மாற்றுவது சுலபம்

பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம் கேட்டுவிட்டு வண்டியை நிறுத்தாமல் போவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. சால்னா வாசம் வேறு. ஒரு மாதம் பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. அப்புறம் அந்தக் கடை இல்லாத தெரு வழியாக வீட்டுக்குப் போகத் தொடங்கினேன், நான்கு நிமிடம் கூடுதல், ஆனால் போராட்டமே இல்லை. பரோட்டாவை முழுசாக விடவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறோம். வீட்டுச் சாப்பாட்டில் ஒரே மாற்றம், பொரியலையும் கீரையையும் முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு அப்புறம் சோறு. தட்டில் பாதி காய் என்று வைத்துக்கொண்டால் சோறு தானாகக் குறையும். உப்பு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்னக் கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதில் அடக்கம்.

டீ விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை முதலில் மாற்றியது அதுதான். நாளுக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராம் என்றாலே 40 கிராம். ஒரேயடியாக நிறுத்தினால் டீ கஷாயம் மாதிரி இருந்தது, இரண்டே நாளில் பழையபடி ஆயிற்று. அடுத்த தடவை கடைக்கு எதிரே இருக்கிற டீக்கடையில், "மாஸ்டர், இனிமே எனக்கு ஒன்றரைதான். ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு. நானே மறந்துட்டாலும் நீங்க போட்டுறாதீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கிளாஸைக் கழுவிக்கொண்டே, "எங்க வீட்லயும் சுகர்தாண்ணே" என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு அரைக் கரண்டி குறைந்தது. இப்போது நான் ரோட்டைக் கடக்கும்போதே அரைக் கரண்டி சீனியைப் போட்டு ஆற்றி மேடையில் வைத்துவிடுகிறார். சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் டீயே இல்லை, டீயில் இருக்கிற காஃபின் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிடும்.

தூங்கா நகரத்தில் தூக்கம்

ஊருக்குத் தூங்கா நகரம் என்று பெயர் இருக்கலாம், உடம்புக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். நான் செய்தது இரண்டுதான். போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து பிடுங்கி டிவிக்குப் பக்கத்தில் மாட்டினேன், கதவைப் பூட்டியதும் போன் அங்கே போய்விடும். இரண்டாவது, எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழுகிற நேரம் ஒன்றே, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. எழுந்ததும் மொட்டைமாடியில் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நின்றால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் நேரத்துக்கு வருகிறது.

மனசைப் பற்றியும் சொல்கிறேன், நம்மிடம் அதைப் பேசுகிற வழக்கம் குறைவு. ராத்திரி படுத்ததும் நாளைக்குக் கட்ட வேண்டிய தவணை, பையனின் பீஸ் என்று ஓடிக்கொண்டே இருக்கும். கதவைப் பூட்டுகிற அதே ஆணியில் இதையும் மாட்டினேன், ஒரு பழைய கணக்கு நோட்டில் நாளைக்குப் பார்க்க வேண்டியதை ஐந்து வரி எழுதி மூடிவைப்பேன். எழுதிவைத்தது தலைக்குள் மறுபடி மறுபடி வருவதில்லை. மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விட்டால் படபடப்பு அடங்கும், ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, அழுகை அழுகையாக வந்தால் அது நடைப்பயிற்சியால் மட்டும் சரிசெய்கிற விஷயம் இல்லை. டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நம் பெரியாஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இத்தனையையும் ஒரே மாதத்தில் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். முதல் நான்கு மாதம் சீனி மட்டும். அது கவனமே இல்லாமல் ஓடத் தொடங்கியபின் நடை. அதற்கப்புறம்தான் தூக்கம். அடுத்ததுக்கு எப்போது போகலாம் என்பதற்கு என் அடையாளம் இது. ஒரு நாள் பூட்டைப் போட்டுவிட்டு, மழை தூறியதால் நேராக வண்டிக்குப் போனேன். சாவியைத் திருகும்போது எதையோ கடையில் வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. பையைத் தடவினேன், டிபன்பாக்ஸ் இருக்கிறது, போன் இருக்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, சித்திரை வீதிக்குப் போகவில்லை.