செட்டிநாட்டு வீதிகளில் ஒற்றை ஜூம் லென்ஸ்: பயன்படுத்தும் முறை

கேமராவுடன் கூடவே வரும் 18-55 லென்ஸில் சில காலம் பழகியவர்கள், அடுத்ததாக 18-135 அல்லது 18-140 மி.மீ. போன்ற நீண்ட வீச்சுள்ள ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்குவது வழக்கம். இந்த எண்கள் லென்ஸின் குவியத்தூரம்; எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தொலைவிலுள்ளது நெருங்கித் தெரியும். முழுச்சட்டக் கேமரா (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ளது) வைத்திருப்பவர்களுக்கு 24-105 அல்லது 24-120 லென்ஸ் இதே வேலையைச் செய்கிறது. காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை என்று ஒரே நாளில் சுற்றிவர நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான லென்ஸ் வேறில்லை என்பது என் கருத்து. அகன்ற முகப்பு, நிலைக்கதவின் மேல் அங்குல அங்குலமாகச் செதுக்கிய வேலைப்பாடு, திண்ணையில் அமர்ந்திருப்பவரின் முகம் ஆகிய மூன்றும் பத்தடித் தொலைவுக்குள் அடுத்தடுத்துக் கண்ணில் படுகிற ஊர் இது. செம்மண் புழுதி பறக்கும் தெருவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால், சென்சாரில் தூசி படிவதுதான் மிச்சம்.

ஆனால் இந்த வசதியே ஒரு சோம்பலையும் கற்றுக்கொடுத்துவிடுகிறது. நின்ற இடத்தில் நின்றபடி வளையத்தைத் திருகி, சட்டத்துக்குள் பொருள் அடங்கியதும் பொத்தானை அழுத்திவிடுகிறோம். முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் இடையிலான அளவு விகிதத்தை நாம் நிற்கும் இடம் மட்டுமே தீர்மானிக்கிறது. ஜூம் வளையம் அந்தக் காட்சியில் எவ்வளவு பகுதியை வெட்டியெடுப்பது என்பதை மட்டுமே முடிவுசெய்கிறது. ஆகவே எங்கே நிற்பது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். வளையத்தைத் திருப்புவது அதற்குப் பிறகுதான். பழகும் காலத்தில் 18, 35, 50, 135 ஆகிய நான்கு எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே அவற்றில் ஒன்றில் வளையத்தை நிறுத்திவிட்டு, தேவையான சட்டம் கிடைக்கும்வரை கால்களால் நடப்பது நல்ல பயிற்சி.

இதைச் சோதித்துப் பார்க்கச் செட்டிநாட்டு வீட்டைப் போன்ற இடம் கிடைப்பது அரிது. முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரங்களும்), இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் பெரிய வீடுகளில், முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் பார்வை ஓடும். முன்வாசலும் பின்வாசலும் ஒரே உயரம், இரண்டுக்கும் இடையே 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்வாசலுக்கு 2 மீட்டர் தொலைவில் நின்று 18 மி.மீ.இல் ஒரு படம் எடுங்கள். பின்பு முன்வாசலுக்கு 15 மீட்டர் தொலைவு வரை பின்வாங்கி, வெளிவாசலையும் தாண்டித் தெருவில் நின்று, 135 மி.மீ.இல் இன்னொன்று எடுங்கள். இரண்டு படங்களிலும் முன்வாசல் ஒரே அளவில்தான் இருக்கும். ஆனால் முதல் படத்தில் பின்வாசல் முன்வாசலின் 21இல் ஒரு பங்காகச் சுருங்கி, வீடு முடிவே இல்லாமல் நீள்வதாகத் தோன்றும். இரண்டாவது படத்தில் அது நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக வளர்ந்து, கதவுகளும் தூண்களும் ஒன்றையொன்று நெருக்கி அடுக்கியதுபோல் அமையும். வீட்டின் ஆழத்தைக் காட்ட விரும்புபவர் உள்ளே நெருங்கிச் செல்ல வேண்டும். வாசல் நிலைகளின் வரிசையைக் காட்ட விரும்புபவர் பின்வாங்க வேண்டும். 135 மி.மீ.இல் 15 மீட்டரில் ஃபோக்கஸ் செய்தால் 40 மீட்டருக்கு அப்பாலுள்ள பின்வாசல் மங்கலாகவே விழும். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 11 வரை சுருக்கினாலும் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) இரண்டும் ஒருசேரத் துல்லியமாக வராது. எனவே எந்த வாசலில் கூர்மை வேண்டும் என்பதை எடுக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

வெளியே தெருவிலிருந்து முகப்பை எடுக்கும்போது வரும் சிக்கல் வேறு. மாடத்தில் உள்ள சுதைச் சிற்பங்களும் சட்டத்துக்குள் வர வேண்டும் என்பதற்காகக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால், தூண்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சரியும். கேமராவைத் தரைக்கு நேர்மட்டமாகப் பிடித்து, எதிர்வீட்டுத் திண்ணை வரை பின்வாங்கி, 24 முதல் 28 மி.மீ.க்குள் எடுங்கள்; அடியில் அதிகமாக வந்துவிட்ட தெருவைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். பின்வாங்க இடமில்லாமல் 18 மி.மீ.ஐத்தான் நாட வேண்டும் என்றால், நேர்க்கோடுகள் வெளிப்புறமாக வளையும் இயல்பு இவ்வகை லென்ஸ்கள் அனைத்துக்கும் அந்த முனையில் உண்டு என்பதை நினைவில் வைத்து, நீண்ட கைப்பிடிச் சுவரையோ கூரை விளிம்பையோ சட்டத்தின் ஓரத்தை ஒட்டி வைக்காதீர்கள். கேமராவிலேயே உள்ள லென்ஸ் திருத்த வசதியை இயக்கி வைத்தால், வளைவின் பெரும்பகுதி ஜேபெக் படங்களில் தானாகவே சரியாகிவிடும். திரையில் கட்டக்கோடுகளைத் தெரியச் செய்வதும் இங்கே மிகவும் உதவும்.

வளவுக்குள் நுழைந்ததும் வெளிச்சம்தான் கேள்வி. நடுமுற்றத்தில் வெயில் கொட்டும். சுற்றியுள்ள பத்திகளில் (தாழ்வாரங்களில்) இருள் கவிந்திருக்கும். கேமராவின் அளவீட்டை அப்படியே நம்பினால், இருண்ட பத்தியைத் துலக்க முயன்று முற்றத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும். வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) ஒரு படி குறைத்து, அதாவது ஒளியைப் பாதியாக்கி, சென்சாரின் பதிவை அப்படியே சேமிக்கும் ரா வடிவில் எடுத்து, நிழல்களைப் பிறகு தூக்கிக்கொள்வதே பாதுகாப்பான வழி. ஒருமுறை எரிந்து வெளுத்த பகுதியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது; நிழலை ஓரளவு மீட்கலாம். உச்சிவெயிலைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியே படமெடுக்க உதவாத அந்த நேரத்தில்தான், முற்றத்துத் தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளி பத்தியின் பர்மாத் தேக்குத் தூண்களைக் கீழிருந்து மென்மையாகத் துலக்குகிறது.

பல்நோக்கு ஜூம்களின் முதன்மைக் குறை இந்த இடத்தில்தான் தெரியவரும். 18 மி.மீ.இல் எஃப் 3.5 ஆக இருக்கும் பெரும அப்பர்ச்சர், வளையத்தைத் திருப்பத் திருப்பக் குறைந்து, 135இல் எஃப் 5.6 ஆகிவிடுகிறது, அதாவது உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ 40 சதவீதமாகச் சுருங்குகிறது. கையால் பிடித்து எடுப்பதற்கான பழைய கணக்கின்படி, ஷட்டர் வேகம் குவியத்தூரத்தின் தலைகீழ் எண்ணைவிடக் குறையக்கூடாது. சிறிய சென்சாருக்குக் குவியத்தூரத்தை முதலில் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே 135 மி.மீ.க்கு 1/200 வினாடி தேவை, 18 மி.மீ.க்கு 1/30 போதும். லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு மூன்று, நான்கு படிகள் வரை கை நடுக்கத்தை ஈடுசெய்யும் என்றாலும், நடந்துபோகும் மனிதரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. இருண்ட பத்தியில் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை வெளிவிட்டு, மூன்று படங்களைத் தொடராக எடுத்தால் ஒன்றாவது துல்லியமாக அமையும். தானியங்கி ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) 3200 வரை அனுமதித்து, குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 என்று அமைத்துவிட்டால் வீட்டுக்குள் பெரும்பாலும் வேறு எதையும் தொட வேண்டியிராது.

தரையிலுள்ள ஆத்தங்குடிக் கற்களை (வண்ணச் சிமெண்டு ஓடுகளை) எடுக்கப் பலரும் நேர்மேலிருந்து குனிகிறார்கள். அப்போது தங்கள் நிழலும் கால் கட்டைவிரலும் படத்தில் வந்துவிடுகின்றன. சற்று விலகி நின்று, 35 மி.மீ.இல் சரிவாக எடுங்கள். கதவிலிருந்து வரும் ஒளி பளபளப்பான தரையில் பட்டு வண்ணத்தை வெளிறச் செய்தால், போலரைசர் வடிகட்டியைப் பொருத்தி மெல்லத் திருப்ப, பளபளப்பு விலகிச் சிவப்பும் பச்சையும் தம் இயல்பான அடர்த்தியில் தெரியும். இது ஒன்றரை முதல் இரண்டு படி வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்பதால், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஊருணித் தண்ணீரின் மேலுள்ள மினுக்கத்துக்கும் இது உதவும். பித்தளை, வெண்கலப் பாத்திரங்களின் பளபளப்பை இதனால் நீக்க முடியாது.

இந்தக் கற்கள் உருவாகும் பட்டறைகள் ஆத்தங்குடியில் உள்ளன. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் அங்கே நின்றால், இந்த லென்ஸின் முழு வீச்சும் பயன்பாட்டுக்கு வந்துவிடும். தொழிலாளி கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தையும் பூவேலை அச்சையும் பொருத்துகிறார். சிமெண்டோடு வண்ணம் கரைத்த குழம்பைக் கரண்டியால் அச்சின் ஒவ்வொரு அறையிலும் அளவாக ஊற்றுகிறார். பின்பு அச்சை நேராக மேலே தூக்குகிறார். வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் எல்லை பிரிந்து நிற்கும் அந்த நொடிதான் உங்களுக்கு வேண்டியது. அதற்கு 50 முதல் 70 மி.மீ., எஃப் 5.6, 1/250 வினாடி என்று முன்கூட்டியே அமைத்து, தூக்கும் கையில் ஃபோக்கஸை நிறுத்திக் காத்திருங்கள். அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவுவதையும், ஈரக் கலவையைக் கொட்டி மட்டப்பலகையால் வழிப்பதையும் 24 மி.மீ.க்குத் தளர்த்தி, பட்டறையின் பின்னணியோடு சேர்த்து எடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்த கல்லிலிருந்து கண்ணாடியைப் பிரிக்கும்போது, அடியில் இருந்த முகம் மெருகு ஏற்றாமலேயே பளபளக்கும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே முதலில் தெரியும் இடைவெளியை, லென்ஸ் அனுமதிக்கும் மிகக் குறைந்த ஃபோக்கஸ் தொலைவில், 135 மி.மீ.இல் பிடித்துவிடலாம். இவ்வகை லென்ஸ்கள் பலவற்றில் அந்தத் தொலைவு 40 செ.மீ.யை ஒட்டியே இருப்பதால், தனியாக மேக்ரோ லென்ஸ் இல்லாமலேயே உள்ளங்கையளவு பரப்பு சட்டத்தை நிறைத்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரங்களின் வண்ணச் சிதறலையும், பூட்டுகளின் சாவித்துளைகளையும் எடுக்க இதே முறை போதும்.

மனிதர்களை எடுக்கும்போது 18 மி.மீ.ஐத் தவிருங்கள். அந்தக் கோணத்தில் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நெருங்கினால், மூக்கு முன்னே பெருத்து, காதுகள் பின்னுக்குப் போய்விடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 50 முதல் 85 மி.மீ.க்குள் எடுத்தால் முகம் இயல்பாக அமையும். பின்னணி சற்றே கரைய வேண்டுமானால் அவரைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னே வரச் சொல்லலாம். இதற்கெல்லாம் முன்பு, “ஆச்சி, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு நகர்வதுதான் முறை. தெருக்கோடிக்குப் போய் 135 மி.மீ.இல் அவரையே ஒளிந்து எடுப்பது எவ்வளவு நல்ல படத்தைத் தந்தாலும் அதை நான் ஏற்பதில்லை. வீடுகள் பலவும் பூட்டியே இருக்கும். காவலாளியின் அனுமதி என்பது வளவு வரைதானா, உள்ளறைகளுக்கும் சேர்த்தா என்பதை நுழையும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போன்ற கோயில்களில் கருவறையை எடுக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தை மாதத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிறவர்கள், 135 மி.மீ.இல் ஷட்டரை 1/1000க்குக் குறையாமல் வைத்து, தொடர் ஃபோக்கஸில் மாட்டின் தலையைப் பின்தொடர வேண்டும். பொட்டலில் காளைகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்வையாளர் மேடையை விட்டு இறங்காமல் எடுங்கள்.

சாதாரணத் தெருக்காட்சிக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. 18 மி.மீ., எஃப் 8 என்று வைத்து, 2 மீட்டரில் ஃபோக்கஸைப் பூட்டிவிட்டால், சிறிய சென்சார் கேமராவில் ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாமே கூர்மையாக இருக்கும். பெரும்பாலான ஜூம்கள் எஃப் 8 அருகேதான் தம் சிறந்த கூர்மையைத் தருகின்றன. எஃப் 16ஐத் தாண்டிச் சுருக்கினால் ஒளி விளிம்புவிலகலால் (சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதால்) கூர்மை மீண்டும் குறையும்.

பராமரிப்பில் இரண்டு செய்திகள் போதும். ஜூம் குழல் நீண்டு சுருங்கும்போது காற்றையும் அதோடு புழுதியையும் உள்ளிழுக்கும்; எனவே தெருவில் நடக்கும்போது வளையத்தை 18இல் வைத்து, பூட்டு விசை இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லையெனில் தோளில் தொங்கும் லென்ஸ் தன் எடையாலேயே நீளும். குளிரூட்டிய காரிலிருந்து வெக்கைக்குள் இறங்கியதும் கண்ணாடியில் ஆவி படர்ந்தால் துணியால் தேய்க்காதீர்கள். கேமராவை மூடிய பையிலேயே கால் மணி நேரம் விட்டால் அது தானாகவே விலகும்.

பொழுது சாய்ந்தபின் இந்த லென்ஸ் திணறும். விளக்கொளியில் நடக்கும் சாமி புறப்பாட்டுக்கும், இரவில் வளவில் நடக்கும் அறுபதாம் கல்யாண விருந்துக்கும், எஃப் 1.8 அப்பர்ச்சர் கொண்ட 35 அல்லது 50 மி.மீ. நிலைக் குவிய லென்ஸ் ஒன்றைப் பையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ.இல் ஜூம் எஃப் 5ஐ ஒட்டி நிற்கும் இடத்தில், இது ஏறத்தாழ எட்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். இரண்டில் எதை வாங்குவது என்று தடுமாறினால், இதுவரை எடுத்த படங்களின் விவரக் குறிப்பில் பதிவாகியிருக்கும் குவியத்தூரங்களைக் கணினியில் வரிசைப்படுத்திப் பாருங்கள். 35ஐச் சுற்றிப் படங்கள் குவிந்திருந்தால் 35ஐயும், 50ஐச் சுற்றிக் குவிந்திருந்தால் 50ஐயும் வாங்கலாம்.