ஃபேக்டரில கெமிக்கல் வெளிய போகாம பாத்துக்கறது எப்படி

மொதல்ல ஒரு நோட்டு எடுத்துட்டு பிளான்ட் முழுக்க ரவுண்டு அடிங்க, ஸ்டோர் மட்டும் இல்ல, பாய்லர் பக்கம், மெயின்டெனன்ஸ் ரூம், படிக்கட்டுக்கு அடில லேபிள் கிழிஞ்சு கெடக்குற கேன் வரைக்கும் எல்லாத்தயும் எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் சேஃப்டி டேட்டா ஷீட் (அந்த கெமிக்கலோட ஆபத்து, பாதுகாப்பு விவரம் எழுதுன தாள்) வாங்குங்க, அதுல 16 பகுதி இருக்கும், முழுசா படிக்க நேரம் இல்லன்னா 7ஆவதையும் (எப்படி கையாளணும், எப்படி வைக்கணும்) 10ஆவதையும் (எதோட சேந்தா ரியாக்ட் ஆகும்) மட்டுமாவது பாருங்க.

ஏன்னா பாதி ஆபத்து பக்கத்து பக்கத்துல வைக்கறதுலதான். ஆசிடும் ஹைப்போகுளோரைட்டும் (பிளீச்ல இருக்கற கெமிக்கல்) கலந்தா குளோரின்ங்கற விஷ கேஸ் வரும், பிளேட்டிங் யூனிட்ல (உலோக முலாம் பூசற எடம்) சயனைடும் ஆசிடும் சேந்தா கேக்கவே வேணாம், ஹைட்ரஜன் சயனைடு, உயிரக் கொல்ற கேஸ். அகரவரிசைல அடுக்கறது பாக்க அழகு, ஆனா தப்பு.

டேங்குக்கு சுத்தி பண்டு (கசிஞ்சா வெளிய ஓடாம பிடிச்சு வைக்கற தடுப்புச் சுவர்) கட்டுங்க, உள்ள இருக்கறதுலயே பெரிய டேங்கோட 110% பிடிக்கற மாதிரி, அதாவது 1000 லிட்டர்னா 1100. மழைத்தண்ணி தேங்குனா அந்த அளவு கொறஞ்சிடும், அதுக்காக கெமிக்கல் கலந்திருக்கான்னு டெஸ்ட் பண்ணாம வால்வ தொறந்து விட்றாதீங்க.

மழைநீர் வடிகாலுக்கு ஒரு கலர், கழிவுநீர் லைனுக்கு வேற கலர் அடிங்க, சிந்துனா எத மொதல்ல அடைக்கணும்னு நைட் ஷிஃப்ட் ஆளுக்கும் தெரியணும். ஸ்பில் கிட் பெட்டிய (சிந்துனத தடுத்து உறிஞ்சற சாமான் இருக்கறது) பூட்டி சாவிய ஆபீஸ்ல வைக்கறவங்கள என்ன சொல்றது!