ஜெனோவாவுக்குப் போகும் செட்டிநாட்டவருக்கு

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைச் சுற்றிக் காட்டுபவர், முகப்பைக் கடந்து வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், வந்ததும் காலடியைச் சுட்டி, "இது இத்தாலிப் பளிங்கு" என்று சொல்லாமல் விடமாட்டார். அப்படிச் சொல்லியும் கேட்டும் வளர்ந்த நம் ஊர்க்காரர்கள் இத்தாலிக்குப் போனால் ரோம், வெனிஸ், பைசா கோபுரம் என்று ஓடி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இத்தாலியின் வடமேற்குக் கரையில், லிகூரியா மாநிலத்தின் தலைநகராக இருக்கும் ஜெனோவா அவர்கள் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கடல் கடந்து போய்ப் பொருள் ஈட்டி, கணக்கெழுதி, கடன் கொடுத்து, அந்தப் பணத்தை ஊரில் கல்லும் மரமுமாக நிறுத்தியவர்களின் நகரம் அது. நகரத்தார் வீடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே விளக்கம் சொல்ல ஆள் தேவைப்படாது. எதை, எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லவே இந்தக் குறிப்பு. இரண்டு முழு நாட்களுக்குக் குறைத்துத் திட்டமிட வேண்டாம்.

முதலில் காலம். தீபாவளி விடுமுறையை ஒட்டிப் போகலாம் என்று பலரும் நினைப்பார்கள், அது சரிப்படாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை என்றால் அங்கும் அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. மலை செங்குத்தாகக் கடலில் இறங்கும் ஊராகையால் ஓடைகள் திடீரெனப் பெருகும். 2011-லும் 2014-லும் நகருக்குள் வெள்ளம் புகுந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பரும் ஏற்றவை. ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், வழக்கமாக மூடியிருக்கும் தனியார் மாளிகைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் 'ரோல்லி நாட்கள்' நடக்கின்றன. விமானச் சீட்டு எடுக்கும் முன் அந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது. இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

மிலானில் இறங்கி இரயிலில் வருவதே எளிது. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பழைய நகருக்கும் துறைமுகத்துக்கும் பியாட்ஸா பிரின்சிபே நிலையத்தில் இறங்க வேண்டும். வட்டார இரயிலுக்குக் காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறும் முன் நடைமேடையருகே உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும், மறந்தால் அபராதம். விமானத்திலேயே வருபவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஜெனோவா விமான நிலையத்தின் குறியீடு ஜி, ஓ, ஏ என்ற மூன்று எழுத்துகள். என்னுடன் வந்த பெரிய ஆச்சி, சென்னையில் பெட்டியில் கட்டிய சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "ஏப்பா, இத்தாலின்னு சொல்லிட்டுக் கோவாவுக்கா கூட்டிப் போற?" என்று கேட்டார். நம் கோவாவுக்குக் குறியீடு வேறு; பெட்டி சரியான ஊருக்குத்தான் போகும்.

பழைய நகரின் சந்துகளுக்குக் 'காருஜ்ஜி' என்று பெயர். சில இடங்களில் இரு கைகளை விரித்தால் இரண்டு சுவர்களும் தட்டும். இருபுறமும் ஆறேழு மாடிகள், மேலே ஒரு கீற்று வானம். கைபேசி வரைபடம் இங்கே அடிக்கடி தடுமாறும். அதற்கு எளிய வழி, இறக்கமாகவே நடந்தால் கடல் வந்துவிடும். பகலில் அச்சமில்லை, இரவில் துறைமுகத்தை ஒட்டிய ஆளரவமற்ற சந்துகளைத் தவிர்த்து, பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கருங்கல்லும் படிக்கட்டும் நிறைந்த பாதைகள் என்பதால் செருப்பு உதவாது, அடி வழுக்காத காலணி வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்க வேண்டியதில்லை. மலைமேல் ஏற நகரமே மின்தூக்கிகளையும் கயிற்றால் இழுக்கப்படும் மலை இரயில்களையும் நடத்துகிறது. காஸ்தெல்லெத்தோ மின்தூக்கியில் ஏறி நின்றால் கற்பலகைக் கூரைகளும் கப்பல்களும் கலங்கரை விளக்கமும் ஒரே பார்வையில் கிடைக்கும். மொன்தெகல்லெத்தோ செல்லும் மின்தூக்கி இன்னும் விந்தையானது. அதன் கூண்டு முதலில் குகைக்குள் இரயில் போலக் கிடையாகப் போய், பிறகு நேர்மேலே ஏறுகிறது.

சந்துகளில் நடக்கும்போது கடைக் கண்ணாடியைப் பார்க்காமல் நிலைவாசலுக்கு மேலே பாருங்கள். நம் வீடுகளில் நிலைக்கு மேல் தேக்கில் கஜலட்சுமி வீற்றிருப்பது போல, அங்கே கருங்கல்லிலும் பளிங்கிலும் குதிரைமேல் இருந்து பறவைநாகத்தை (டிராகன்) குத்தும் புனித ஜார்ஜ் செதுக்கப்பட்டிருப்பார். சந்து முனைகளில் சுவரில் மாடம் வைத்து மாதா சிலை. நமக்கு முச்சந்திப் பிள்ளையார் மாதிரி. சான் மத்தேயோ என்ற சிறு சதுக்கத்துக்குப் போனால் தோரியா என்ற பழைய பெருங்குடும்பத்தின் வீடுகள் தங்கள் குடும்பக் கோயிலைச் சுற்றி நிற்கின்றன. வெள்ளைப் பளிங்கும் கறுப்புக் கல்லும் மாறி மாறி அடுக்கிய சுவர்கள். கோயிலின் முகப்பிலேயே அந்தக் குடும்பத்தின் போர் வெற்றிகளைக் கல்லெழுத்தாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்வெட்டு படிக்கும் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பிருக்காது. நான் அந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்த அரைமணி நேரம், அருங்காட்சியகங்களில் கழித்த அரைநாளைவிட மேலானது.

அடுத்து வியா கரிபால்டி. 1550-களில் பணக்காரக் குடும்பங்கள் தங்களுக்கென்றே நேராக வகுத்துக்கொண்ட தெரு அது; முன்பு 'புதிய தெரு' என்று அழைக்கப்பட்டது. அப்போது தனி நாடாக இருந்த ஜெனோவா குடியரசில் அரண்மனை என்று ஒன்று வைத்து அரசர்களை உபசரிக்கும் வழக்கம் இல்லை. அதனால் 1576-இல் ஆட்சிமன்றம் ஓர் ஏற்பாடு செய்தது: நகரின் சிறந்த வீடுகளைத் தரம் பிரித்துப் பட்டியலில் ஏற்றி, வெளிநாட்டு மன்னரோ தூதுவரோ வந்தால் அவர் தகுதிக்கு ஏற்ற வீட்டுக்காரர் விருந்தோம்ப வேண்டும் என்று விதித்தது. அந்தப் பட்டியலுக்குத்தான் 'ரோல்லி' என்று பெயர். ஊருக்கு வரும் பெரிய மனிதரைத் தன் வீட்டு முகப்பில் இறக்குவதற்குப் போட்டி போடும் மனது எங்கும் ஒன்றுதான். பட்டியலில் இருந்த வீடுகளுள் 42 மாளிகைகளை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் அதே அமைப்பின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன.

மாளிகைகளில் ரோஸ்ஸோ, பியாங்கோ, தோரியா துர்சி மூன்றையும் ஒரே சீட்டில் பார்க்கலாம். நேரமில்லையென்றால் துர்சியை மட்டுமாவது பாருங்கள். நம் வீடுகளில் தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும் அல்லவா? இங்கும் அதே நேர்கோடுதான். ஆனால் தரை மலைச்சரிவு என்பதால் அந்தக் கோடு படியேறிப் போகிறது. கூடம், அதன் பின் பளிங்குப் படிகள், மேலே தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றம், அதற்கும் பின்னே இரண்டாகப் பிரிந்து ஏறும் படிக்கட்டு. இந்த ஊரில் 1782-இல் பிறந்த பாகனீனி வாசித்த வயலினும் இந்த மாளிகையில்தான் இருக்கிறது. 1743-இல் குவார்னேரி செய்த அதன் ஒலி வலிமைக்காக 'பீரங்கி' என்றே அதற்குப் பெயர்.

துறைமுகத்தை நோக்கி இறங்கினால், கடல் பார்த்த சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய பலாஸ்ஸோ சான் ஜோர்ஜோ எதிர்ப்படும். 1260-இல் கட்டப்பட்ட இந்தக் கட்டடத்தின்முன் வட்டித்தொழில் தெரிந்த குடும்பத்தவர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். குடியரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஒன்றுகூடி 1407-இல் தொடங்கிய சான் ஜோர்ஜோ வங்கி இங்கே இருந்துதான் நடந்தது. அரசு வாங்கிய கடனுக்கு ஈடாக வரி வசூலிக்கும் உரிமை வங்கிக்குப் போனது. ஒரு கட்டத்தில் கோர்சிகா தீவையே அதன் பொறுப்பில் விட்டார்கள். 1805 வரை அது நீடித்தது. இதே கட்டடத்தில்தான் 1298-இல் போர்க்கைதியாக மார்கோ போலோ அடைபட்டிருந்தார் என்பது வழிவழிச் செய்தி. அந்தச் சிறைவாசத்தில் அவர் சொல்லச் சொல்ல, உடனிருந்த பைசா ஊர்க் கைதி எழுதிய பயணக் கதையில் நம் பாண்டி நாடும், காயல் துறைமுகமும், முத்துக்குளிப்பும் வருகின்றன.

சான் லோரென்சோ பேராலயம் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. உள்ளே வலப்பக்கம் ஒரு பெரிய பீரங்கிக் குண்டு நிற்கிறது. 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை நகரைத் தாக்கியபோது சுவரைத் துளைத்து உள்ளே விழுந்து, வெடிக்காமல் கிடந்தது அது. சுட்ட கப்பலின் பெயர் 'மலாயா'. முதல் உலகப் போர்க் காலத்தில் மலாய் மாநிலங்கள் பணம் கொடுத்துக் கட்டித் தந்த போர்க்கப்பல் என்பதால் அந்தப் பெயர். மலாயாவில் கிட்டங்கி, அதாவது வட்டிக்கடை, வைத்திருந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு அந்தக் குண்டைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும்.

கொலம்பஸ் வீடு என்று காட்டப்படுவது பிற்காலத்தில் திருப்பிக் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் போதும். பிள்ளைகள் உடன் வந்தால் 1992-இல் திறந்த மீன் காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்க வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கலாத்தா கடல் அருங்காட்சியகம். இங்கிருந்து அமெரிக்காக்களுக்குக் கப்பலேறிய இலட்சக்கணக்கான ஏழை இத்தாலியர்களின் பயணத்தை அங்கே கப்பல் அறைகளாகவே அமைத்துக் காட்டுகிறார்கள். 1543-இல் கட்டிய, 77 மீட்டர் உயரமுள்ள லாந்தெர்னா கலங்கரை விளக்கம் இன்றும் எரிகிறது. நீலக் காற்சட்டைத் துணிக்கு 'ஜீன்ஸ்' என்ற பெயர் வந்ததும், ஜெனோவாவை பிரெஞ்சுக்காரர்கள் அழைக்கும் பெயரிலிருந்துதான். அவுரிநீலத் துணியில் வெண்கோடுகளால் தீட்டிய 16-ஆம் நூற்றாண்டுத் திரைகள் பேராலயத்தை அடுத்த மறைமாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கண்டாங்கிச் சேலை கட்டியவர்கள் தவறவிடக் கூடாது.

சாப்பாட்டில் சைவர்களுக்கு இத்தாலியின் பல ஊர்களைவிட இங்கே வசதி அதிகம். ஃபரினாத்தா என்பது கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு நான்கும் சேர்ந்த மாவைச் சில மணி நேரம் ஊறவைத்து, ஈயம் பூசிய அகன்ற செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவது. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். சூட்டோடு வெட்டித் தரும்போது மேலே மிளகுத்தூளைத் தூவச் சொல்லுங்கள். பெஸ்தோ இந்த ஊர்த் துவையல் என்றே சொல்லலாம்: துளசிக்கு உறவான ஒரு கீரை, பைன் கொட்டை, பூண்டு, பாலாடைக்கட்டி, எண்ணெய் ஆகியவற்றைப் பளிங்கு உரலில் மர உலக்கையால் நசுக்கி எடுப்பது. மின்அரைவை பற்றி அவர்கள் பேசுவதும், அம்மியில் அரைத்ததே ருசி என்று நம் ஆச்சிகள் பேசுவதும் ஒரே தொனி. ஒரு எச்சரிக்கை: பார்மெசான் வகைப் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பைச் சாறு கொண்டு உறையவைப்பார்கள், கண்டிப்பான சைவர்கள் கட்டி சேர்க்காமல் கேட்க வேண்டும். பில்லில் 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ந்திருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், அது இலை போட்ட கூலி. காப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு.

இரண்டாம் நாள் மாலையை ஸ்தால்யேனோ கல்லறைத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மயானத்துக்குச் சுற்றுலாவா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். விரும்பாதவர்களைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் போய் வாருங்கள். 1851-இல் திறந்த அந்த இடத்தின் நீண்ட தாழ்வாரங்களில் வணிகர்களும் கப்பல் முதலாளிகளும் பளிங்கில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே கத்தேரினா கம்போதோனிகோ என்ற கிழவி. திருவிழாக்களில் தின்னும் கொட்டைகளைக் கோத்த மாலையும் வளையப் பலகாரமும் விற்றவர். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காசைக் கொடுத்து, உயிரோடு இருக்கும்போதே 1881-இல் ஒரேங்கோ என்ற சிற்பியிடம் தன் சிலையைச் செய்துகொண்டார். கிட்டே போய்ப் பாருங்கள். சால்வையின் குஞ்சம், பாவாடையின் பூவேலை, வேலை செய்து தடித்த விரல்கள், அந்த விரல்களில் தொங்கும் கொட்டைச் சரமும் பலகார வளையமும், ஒவ்வொன்றும் தனித்தனியே பளிங்கில். தோட்டம் மாலையிலேயே மூடிவிடும். மூன்று மணிக்குள் உள்ளே போய்விடுங்கள், அவர் இருக்குமிடத்தைக் காவலரிடம் பெயர் சொல்லிக் கேட்டால் கைகாட்டுவார்.