ஃபோக்ஸ்வாகன் 411: யாரும் தேடாத காரை வாங்கி ஓட்டுவது எப்படி

1968-இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் 411-இன் பெயரிலுள்ள எண்களைப் பிரித்து, "கதவு நான்கு, தாமதம் பதினொரு ஆண்டு" என்று ஜெர்மானியர்கள் கேலி செய்தார்கள். முகப்பைத் திருத்தி 412 என்று பெயர் மாற்றியும் அது எடுபடாமல், 1974-இல் உற்பத்தி நின்றது. பீட்டில் காரைத் தேடி அலைபவர்கள் இன்றும் இதைப் பொருட்படுத்துவதில்லை; அதனால் விலை குறைவுதான். ஆனால் கார் விரும்பப்படாதது என்பதற்காக துருப்பிடித்த உடலை வெல்டிங் செய்பவர் கூலியைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

ஆகவே எஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள், உடலைப் பார்த்து வாங்குங்கள். இதன் 1,679 சிசி எஞ்சின் போர்ஷே 914 காரிலும் ஃபோக்ஸ்வாகன் வேனிலும் பயன்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பிஸ்டன், சிலிண்டர் போன்றவற்றைத் தேடிப் பிடித்துவிடலாம். கண்ணாடி, விளக்கு, கதவோர ரப்பர், அலங்காரப் பட்டை ஆகியவை பெரும்பாலும் வேறு காரிலிருந்து வந்து பொருந்தா. துருவில்லாத உடலும் ஓடாத எஞ்சினும் கொண்ட காரே, நன்றாக ஓடுகிற துருப்பிடித்த காரைவிட நல்ல பேரம். தரைத்தகடு, கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி, சக்கர வளைவு, முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்ட்ரட் மேலே பொருந்தும் இடம் ஆகியவற்றைக் காந்தம் வைத்துச் சோதியுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் வண்ணத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பள்ளத்தை நிரப்பிய புட்டிப் பசைதான்.

வாங்கியதும் முதல் செலவு பெட்ரோல் குழாய்களுக்கு. 411இ வகையில் 1969 முதல் எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் மின்னணு அமைப்பான போஷ் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தது. அழுத்தத்துடன் பெட்ரோல் செல்லும் பழைய ரப்பர் குழாய் சூடான எஞ்சினுக்கு மேலே வெடித்தால் தீப்பிடிக்கும். எனவே, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தையும் எத்தனால் கலந்த பெட்ரோலையும் தாங்கும் குழாய்களாக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். எஞ்சின் தடுமாறினால் உடனே விலையுயர்ந்த அழுத்த சென்சாரைக் குறைசொல்ல வேண்டாம். அந்த அமைப்பு, எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாயின் அழுத்தத்தை வைத்தே பெட்ரோலை அளந்து தருவதால், எங்கோ ஒரு ரப்பர் குழாயில் காற்று கசிந்தாலும் கணக்குத் தவறிவிடும். ஒயர்களின் மேலுறை உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பொறுமையிழந்து இந்த அமைப்பைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டுகிறவர்களைக் குறைகூற மாட்டேன். கழற்றியதை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

அடுத்து, எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளின் ரப்பர் ஓரம் போயிருந்தால், கீழே வெளியேறிய வெந்த காற்றையே விசிறி மீண்டும் இழுக்கும். வெப்பம் மிகுந்தால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழும், வால்வு மூடி அமரும் வளையமான வால்வு சீட் தளரும். மலிவான ரப்பருக்காக அந்தப் பெரிய வேலையை வரவழைத்துக்கொள்வது பரிதாபம்.

பெட்ரோலில் எரியும் தனி ஹீட்டரைச் சோதிக்காமல் இயக்காதீர்கள். அதன் புகை உள்ளே கசிந்தால் உயிருக்கே ஆபத்து. தேர்ந்தவர் பார்க்கும்வரை அதற்குச் செல்லும் பெட்ரோல் இணைப்பை அடைத்து வையுங்கள்.

உதிரிகளுக்காக, ஓடாத இன்னொரு 411-ஐ வாங்குவது வீண் செலவல்ல. இடம் இல்லையென்றால் கண்ணாடி, விளக்கு, ஒயர்களை மட்டுமாவது கழற்றி, பெயரெழுதி வையுங்கள்.

ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த கார் பெறக்கூடிய 'ஹெச்' எண்பலகை இதற்கும் கிடைக்கும். ஆண்டு வரி 191.73 யூரோவாக நிலையாக இருக்கும், அதிகப் புகை விடும் கார்களுக்குத் தடையுள்ள சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள்ளும் தடையின்றிச் செல்லலாம். ஆனால் கார் பெரும்பாலும் தயாரித்தபோதிருந்த மூலநிலையில் இருப்பதாகப் பரிசோதகர் சான்றளிக்க வேண்டும். கழற்றிய இன்ஜெக்‌ஷன் பாகங்களை எறிய வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.