சொல்லின் வாலைக் கவனியுங்கள்

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் தெரிந்தால், அதன் வாலில் விகுதி சேர்த்தே பல பெயரடைகளை உருவாக்கலாம். ‘கேர்’ என்றால் கவனம். ‘ஃபுல்’ சேர்த்தால் கவனமான. ‘லெஸ்’ சேர்த்தால் கவனமற்ற. நம் ‘ஆன’, ‘அற்ற’ போலத்தான். எழுதும்போது விழிப்பாக இருங்கள்: தனிச்சொல்லான ‘ஃபுல்’லுக்கு இரண்டு ‘எல்’, விகுதியாக வந்தால் ஒன்றே ஒன்று. ‘பியூட்டி’யின் கடைசி ‘ஒய்’, ‘பியூட்டிஃபுல்’லில் ‘ஐ’ ஆகிவிடும்.

எல்லாச் சொல்லும் இரண்டு வாலையும் ஏற்காது. ‘ஹோம்லெஸ்’ உண்டு, ‘ஹோம்ஃபுல்’ வழக்கில் இல்லை. எனக்கு மிகப் பிடித்தது ‘பிரைஸ்லெஸ்’. மதிப்பில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள்; விலைமதிப்பற்றது என்று பொருள்! மதிப்பே இல்லாததற்கு ‘வொர்த்லெஸ்’. இவை இரண்டையும் நோட்டில் அருகருகே எழுதி, சொல்லுக்கொரு வாக்கியம் அமைத்துப் பாருங்கள்.